கன்மெட்டல் புஷ்ஷும் ஒரு தேக்குக் கட்டையும்

வடசென்னையின் லேத் பட்டறைகளில் ஒரு நாளில் எத்தனை முறை துப்பாக்கியின் பெயர் சொல்லப்படுகிறது என்பதை அங்கே வேலை செய்பவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். காசிமேட்டில் ஒரு லாஞ்சின் ஷாஃப்ட் ஆட்டம் கண்டால் ‘கன்மெட்டல் புஷ் போடணும்’ என்பதுதான் முதல் பேச்சு. செம்பு 88 பங்கு, வெள்ளீயம் 10 பங்கு, துத்தநாகம் 2 பங்கு என்பது அந்தக் கலவையின் பழைய கணக்கு. பீரங்கி வார்க்கப் பயன்பட்டதால் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர். கடல்நீர் அதை எளிதில் அரிக்காது. ஆகவே பீரங்கியின் காலம் முடிந்த பின்னும் கப்பலிலும் படகிலும் தங்கிவிட்டது. இன்று ராயபுரத்தில் கன்மெட்டல் துண்டை எடை போட்டு வாங்கிச் செல்லும் பையனுக்கு அதில் ஒரு ‘கன்’ ஒளிந்திருப்பது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு சொல் ‘போர்’. உருளையின் உள்விட்டத்துக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர். தமிழில் இந்த ஓசைக்கு ஏற்கெனவே யுத்தம் உண்டு, வைக்கோல்போர் உண்டு. பிற்பாடு ஆழ்துளைக் கிணறும் சலிப்பும் வந்து சேர்ந்துகொண்டன. இலக்கண வகுப்பில் மாணவர்கள் அனுபவிப்பது இந்தக் கடைசிப் பொருளை. பட்டறையிலோ ‘போர் அடிக்கணும்’ என்றால் துளையின் உட்புறத்தைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். இந்த வேலைக்கும் யுத்தத்துக்கும் இருக்கும் உறவு ஓசையோடு முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் 1774-இல் பீரங்கிக் குழலைத் துல்லியமாகத் துளைப்பதற்கு ஒரு முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். அதுவரை ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் உருளைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஆவியைக் கசியவிட்டுக்கொண்டு தவித்தது. அந்த உருளையை வட்டம் பிசகாமல் கடைந்து கொடுத்தவர் வில்கின்சன்தான். அதாவது, கொல்வதற்குச் செம்மையாக்கிய துளையில்தான் நீராவி யுகம் ஓடத் தொடங்கியது. வாட்டைப் பாடநூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. துளையிட்டவரை அவ்வளவாக இல்லை.

இந்த வரிசையில் எங்கள் பகுதிக்கு மிக அருகே வந்த பெயர் என்ஃபீல்டு. லண்டனுக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அங்கே உருவான 1853ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியின் தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்தது, அதில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருக்கிறது என்று பேச்சு எழுந்தது, 1857 நடந்தது. இதெல்லாம் பள்ளிப்பாடம். அதற்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களின் கையில் எப்போதும் வெள்ளைச் சிப்பாய்களுடையதைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியே கொடுக்கப்பட்டது என்பது பள்ளிப்பாடத்தில் அவ்வளவாக வருவதில்லை. 1871-இல் பிரிட்டிஷ் படை மார்ட்டினி ஹென்றி ரைபிளை ஏற்றுக்கொண்டபோது இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய ஸ்னைடர்தான்.

மார்ட்டினி என்ற பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே சுடும் ரைபிள் அது. அதன் நடுப்பகுதியை, அதாவது குழலின் பின்வாயைத் திறந்து மூடிச் சுடவைக்கும் பொறியை, துப்பாக்கிக்காரர்கள் ‘ஆக்ஷன்’ என்கிறார்கள். அதைப் பார்த்தால் ஒரு சிறு எஃகுப் பெட்டி. உள்ளே, பின்முனையில் கீல் போட்ட ஓர் அடைப்புக் கட்டை. அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் கட்டையின் முன்முனை தாழும். வெடித்த தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். புதியதை வைத்து நெம்புகோலை மேலே இழுத்தால் கட்டை எழுந்து வாயை அடைக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அடைக்கும்’ என்ற சொல்லுக்குள்தான் வேலை முழுவதும் இருக்கிறது. வெடிப்பின் விசை முழுவதும் அந்தக் கட்டையின் முகத்தில் மோதும். சுடுகிறவனின் கன்னம் அதற்குச் சில அங்குலம் பின்னால் இருக்கும்.

பெயர் எப்படித் திருவொற்றியூருக்கு வந்தது என்பது ஒரு வளைந்த கதை. ரெட்டிச் என்ற ஊரில் ஊசியும் சைக்கிளும் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, என்ஃபீல்டு தொழிற்சாலைக்குத் துப்பாக்கி உதிரிப்பாகங்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றது. அந்தப் பெருமையில் 1893-இல் தன் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் வைத்தது. பீரங்கியை முத்திரையாக்கி, ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்று வாசகமும் எழுதிக்கொண்டது. சைக்கிளுக்குப் பின் மோட்டார் சைக்கிள். அதில் ஒன்றுக்குப் புல்லட் என்றே பெயர். 1955-இல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகமும் இங்கேயே செய்யப்பட்டது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. துப்பாக்கித் தொழிற்சாலை 1988-இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் பட்டினத்தார் சமாதிக்குச் சற்றுத் தள்ளி, உப்புக்காற்றில், டப்டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டு உயிரோடிருந்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். நாங்கள் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் லேத்தைப் பிடித்தார். இளையவர் தமிழ் முதுகலை படித்து ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகப் போனார். இங்கே ‘நாங்கள்’ என்று வருவதெல்லாம் இருவரையும் சேர்த்துத்தான். அப்பாவைப் பற்றி ஒருவர் தனியாகச் சொன்னால் மற்றவர் திருத்தாமல் விடமாட்டார் என்பதால் இந்த ஏற்பாடு.

வீடு காலடிப்பேட்டையில். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த பேட்டை இது. காலட்பேட்டை என்பது நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. லேத்தில் மெல்லிய கம்பிகளைப் பிடிக்கும் ஒருவகைப் பிடிப்புக்கும் ‘காலட்’ என்றுதான் பெயர். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பலமுறை விளக்கியும் அப்பா ஒப்புக்கொண்டதில்லை. லேத்தின் பெயரால் அமைந்த ஒரே ஊர் நம்முடையது என்பது அவருடைய முடிவு.

அப்பா ஒரு ஜாப் வொர்க் பட்டறையில் டர்னர். அங்கே எட்டு மணி நேரம் முடித்துவந்து வீட்டின் பின்கட்டில் சொந்த லேத்தை ஓட்டுவார். நாலரை அடி பெட், பெல்ட்டில் ஓடுவது, பல கை மாறி எங்களிடம் வந்தது. மோட்டார் எடுக்கும்போது தெருவில் விளக்குகள் ஒரு நொடி மங்கும். அந்த நொடியில் அண்டை வீட்டார் எங்கள் அப்பாவை நினைத்துக்கொள்வார்கள். கடற்காற்றில் இரும்பு ஒரே இரவில் பூத்துவிடும் என்பதால் தினமும் வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து எண்ணெய் பூசுவது எங்கள் பொறுப்பு. மற்ற பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிய நேரத்தில் நாங்கள் பஞ்சு வேஸ்ட்டும் கையுமாக நின்றோம்.

அளவுகளுக்கு அவரிடம் இரண்டு மொழிகள் இருந்தன. தச்சரிடமும் கொத்தனாரிடமும் பேசும்போது ‘நூல்’. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. லேத்தில் பேசும்போது ‘தவ்’. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய மூன்று தவ் வரும். நூல் என்ற சொல்லுக்கு நன்னூல் பாயிரம் காரணம் சொல்லும்போது, நூற்கப்படும் பஞ்சு நூலையும், மரத்தின் கோணலைக் காட்டித் தரும் தச்சரின் நூலையும் உவமையாக்குகிறது. அதை முதன்முதலாகப் படித்த அன்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது அப்பா நிமிர்ந்து பார்க்காமல், ‘நூலு மரத்துக்குப் பத்தும்பா, இரும்புக்குப் பத்தாது’ என்றார். பவணந்தி முனிவருக்கு எழுதப்பட்ட உரைகளில் இது மிகச் சுருக்கமானது.

பட்டினத்தார் சமாதிக்கு எங்களை அழைத்துப்போன நாட்களும் உண்டு. காது போன ஊசி ஒன்றைக் கண்டு பெருஞ்செல்வத்தைத் துறந்தவர் என்ற கதையை அங்கேயுள்ளவர்கள் சொல்லும்போது அவர் பக்தியோடு கேட்டுக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும், ‘எங்கிட்ட குடுத்திருந்தா வேற காது போட்டுக் குடுத்திருப்பேன்’ என்பார்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது புல்லட்டின் சின்ன புஷ். 350 புல்லட்டின் எஞ்சினில் ஒரே உருளை, அதன் போர் 70 மில்லிமீட்டர். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பின் ஒன்று உண்டு. அந்தப் பின் ராடின் மேல்முனையில் ஒரு வெண்கல உறைக்குள் அசையும். அது தேய்ந்தால் எஞ்சினுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் வரும். கடையில் புது புஷ் கிடைக்கும். ஆனால் பழைய வண்டியில் ராடின் துளையே சற்றுக் கோணியிருக்கும். கடையில் வாங்கியது அதற்குள் சரியாக உட்காராது. அந்தந்த ராடுக்கென்று ஒரு புஷ் கடையவேண்டும்.

வேலையின் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், வெளிவிட்டத்தை ராடின் துளையைவிட ஒன்றிரண்டு தவ் கூடுதலாக விடவேண்டும். அப்போதுதான் இறுக்கி அழுத்தியபின் சுழலாது. அழுத்தும்போது உள்துளை சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே நினைத்துப் போர் அடித்திருக்கவேண்டும். பிறகு ரீமரைக் கையால் திருகி, திருகி, நிறுத்தி, பின்னைப் போட்டுப் பார்த்து, மறுபடி திருகி. எண்ணெய் தொட்ட பின்னைப் பெருவிரலால் தள்ளினால் போகவேண்டும். ராடை நிமிர்த்திப் பிடித்தால் தானாக விழக்கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள இடம் அரைத் தவ்கூட இருக்காது. அப்பா இதை மைக்ரோமீட்டரில் பார்ப்பதில்லை. பெருவிரலில் பார்ப்பார்.

1995ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை ஒரு பெரியவர் வந்தார். வேலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நிலக்கடலை பயிரிடுபவர். எண்ணூரில் இருக்கும் உறவினர் ஒருவர் அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து, துண்டுக்குள்ளிருந்து ஒரு கறுத்த இரும்புப் பெட்டியை எடுத்து வைஸ் பக்கத்தில் வைத்தார். அவருடைய தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கியின் நடுப்பகுதி. குழலும் மரப்பிடியும் ஊரில் இருந்தன. பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய உரிமப் புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். துப்பாக்கி என்ற சொல் திருக்குறளிலேயே வருகிறதே என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி எங்களுக்கு எப்போதும் அந்தப் பெரியவரை நினைவுபடுத்தும். வான்சிறப்பில் வரும் அந்தச் சொல் உணவை உண்டாக்குவது என்ற பொருளில் வருவது. சுடும் துப்பாக்கி துருக்கியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த வேறொரு சொல். அவர் கடலையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்காக இந்த இரண்டாம் துப்பாக்கியை நம்பியிருந்தார்.

பெட்டிக்குள் அடைப்புக் கட்டையின் முகத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அது மார்ட்டினி வகைப் பொறி என்பதெல்லாம் எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் படங்களைப் பார்த்துத் தெரிந்தது. அன்றைக்கு அது வெறும் ‘சாமான்’. உரிமம் பெற்ற கடையில் இந்தப் பாகம் இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ‘இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சி குடுத்துடு மேஸ்திரி. அஞ்சாயிரம் தர்றேன்’ என்றார்.

அந்த மாதம் ஜாப் வொர்க் ஏறக்குறைய நின்றிருந்தது. எங்கள் அக்காவின் கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டவேண்டிய தேதி தாண்டியிருந்தது. ஐயாயிரம் என்பது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல். அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தார்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. விளக்கை இழுத்துக் கீழே கொண்டுவந்தார். கட்டையைக் கையில் எடுத்து நெம்புகோலோடு சேர்த்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒரு நூற்றாண்டு ஓடிய பொறி, ஆட்டம் இல்லை. அந்தச் சத்தத்தை இன்றும் எங்களால் சொல்லிக்காட்ட முடியும்: நல்ல பூட்டு திரும்புவது போன்ற, சின்ன, நிறைவான ஒரு ‘க்ளக்’. மழை வலுத்துத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பெரியவர் பின்கட்டுத் திண்ணையிலேயே துண்டை விரித்துச் சாய்ந்துகொண்டார். அவர் பார்வையிலேயே, நாங்கள் மாறி மாறி விளக்குப் பிடிக்க, அப்பா அந்தச் சாமானை அளந்தார். வெர்னியர், மைக்ரோமீட்டர், உள்பக்கத்துக்குக் கவை, சரிவுக்கு அட்டையில் வெட்டிய ஒரு கோணம். எங்கள் பள்ளி நோட்டின் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு பக்கமாக வரைந்தார். பெட்டியின் பக்கவாட்டில் கிரீடமும் எழுத்துமாகப் பொறித்திருந்த சிறு முத்திரைகளை லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். பெரியவருக்கும் அவை என்னவென்று தெரியவில்லை.

பிறகு ஓர் அரத்தை எடுத்தார். நாங்கள் எஃகுத் துண்டைத் தேடப்போனோம். வேண்டாம் என்று கையசைத்தார். இடித்த வீட்டின் நிலைக்கதவிலிருந்து வந்த தேக்குத் துண்டு ஒன்று லேத்துக்கு அடியில் கிடந்தது. அதை அறுத்து, செதுக்கி, அராவி, விடிவதற்குள் அந்த அடைப்புக் கட்டையை மரத்தில் செய்துமுடித்தார். மைக்ரோமீட்டருக்கு மரம் எதற்கு என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. பெரியவர் விழித்தபோது அது இரும்புப் பெட்டிக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தோம். அப்பா மரக்கட்டையை வெளியே எடுத்துவிட்டு விரிசல்விட்ட எஃகுக் கட்டையை மீண்டும் உள்ளே வைத்தார்.

‘பெரியவரே, இது நம்ம வேல இல்ல’ என்றார்.

‘அதான் செஞ்சிட்டியே?’

‘அளவு என் கையில கீது. உள்ள இருக்கறது என் கையில இல்ல. மேல ஓடு கெட்டியா இருக்கணும், உள்ள அடி தாங்கிக்கணும். அதுக்கு ஒல வேணும், சூடு அளக்கறதுக்கு ஆளு வேணும். எங்கிட்ட ரெண்டும் இல்ல. புஷ்ஷு போச்சின்னா வண்டி நின்னுடும், தள்ளினு வந்துடலாம். இது போச்சின்னா நீ கன்னத்த வச்சிக்கினு இருப்ப.’

கட்டம் போட்ட தாளில் வரைந்ததை மடித்து அவரிடமே கொடுத்தார். உரிமம் உள்ள, இந்த வேலைக்கென்று இருக்கிற ஒருவரிடம் இதைக் காட்டினால் அளவெடுக்கும் வேலையாவது மிச்சம் என்றார். காசு வாங்கவில்லை. பெரியவர் கோபமாகப் போனாரா வருத்தமாகப் போனாரா என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அம்மாவின் கோபத்தில் கருத்து வேறுபாடு இல்லை. ‘அஞ்சாயிரத்த மழத்தண்ணில உட்டுட்டு கட்டையச் செதுக்கினு கீறாரு’ என்பது பொங்கல் வரை நீடித்தது.

சட்டப்படி அவரால் செய்திருக்கவும் முடியாது. ஆயுதச் சட்டம், 1959-இன் 5ஆம் பிரிவு, உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வதை மட்டுமல்ல, தொழிலாக அதைப் பழுதுபார்ப்பதையும் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமமின்றித் தயாரிப்பதற்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. மூத்தவர் எப்போதும் சொல்வது, அப்பா போலீசுக்குத்தான் பயந்தார், உலை, சூடு என்பதெல்லாம் பெரியவர் மனம் நோகாமலிருக்கச் சொன்னது என்று. எங்களில் இளையவருக்கு அது சரியாகப் படவில்லை. பயந்தவர் இரவு முழுக்க அதை ஏன் அளக்கவேண்டும்? அந்த முத்திரைகள் என்னவென்று தேடிப் படித்தபோது அப்பா சொன்னது இன்னும் கனத்தது. 1813-இல் பர்மிங்காமில் சட்டம் போட்டே ஒரு சோதனைச்சாலை அமைத்திருக்கிறார்கள். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப்பார்த்து, உடையாமல் நின்றால் மட்டுமே முத்திரை குத்துவார்கள். பார்வைக்குத் தெரியாத உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு அதைவிட்டால் வேறு வழி அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இங்கே 1878ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. அந்த ஆண்டு அமெரிக்காவில் யூட்டா பிரதேசத்தின் ஆக்டன் என்ற சிற்றூரில் ஜான் மோசஸ் பிரவுனிங் என்ற 23 வயது இளைஞர் தம் தந்தையின் பட்டறையில் ஓர் ஒற்றைக்குண்டு ரைபிளின் ஆக்ஷனைச் செய்தார். காலால் மிதித்து ஓட்டும் லேத், உலை, உளி, அரம், இவ்வளவுதான் கருவிகள். பாகங்களைக் கையால் அடித்து, கையால் அராவினார். அடுத்த ஆண்டு காப்புரிமை கிடைத்தது. 1883-இல் வின்செஸ்டர் கம்பெனி அதன் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது; பின்னாளில் உலகப் படைகள் பலவற்றின் கைகளுக்குப் போன ஆயுதங்களின் வரிசை அந்தக் கொல்லைப்புறத்தில் தொடங்கியது. அதே 1878-இல் வைஸ்ராய் லிட்டன் இங்கே இரண்டு சட்டங்கள் போட்டார். ஒன்று, இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்றது. மற்றது, இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. அரத்துக்கும் பேனாவுக்கும் ஒரே ஆண்டில் விலங்கு. பத்திரிகைச் சட்டத்தை 1882-இல் ரிப்பன் பிரபு நீக்கினார். நம் மாநகராட்சி மாளிகையில் இருப்பது அவர் பெயர்தான். ஆயுதச் சட்டம் மட்டும் சுதந்திரத்தைத் தாண்டி 1959-இல் புதிய சட்டம் வரும்வரை நின்றது.

எங்கள் அப்பாவின் கை பிரவுனிங்கின் கைக்குக் குறைந்ததல்ல என்று மகன்கள் சொன்னால் யாரும் நம்பவேண்டியதில்லை. ஆனால் கைத்திறன் உள்ளவர்கள் நாட்டில் இல்லாமலிருந்ததால் இங்கே ஒரு பிரவுனிங் தோன்றவில்லை என்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். அதற்காக ஏங்கவும் எங்களால் முடியவில்லை. அமெரிக்காவில் தனக்கென்று வீட்டில் ஒரு ரைபிள் செய்துகொள்ள ஒன்றிய அரசின் சட்டம் பொதுவாக உரிமம் கேட்பதில்லை. சில மாநிலங்களே கட்டுப்படுத்துகின்றன. ஒற்றைக்குண்டு ஆக்ஷன்களை வீட்டுப் பட்டறையில் கடைவது அங்கே ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு. ஃபிராங்க் டி ஹாஸ் போன்றவர்கள் அதைப் பற்றி நூல்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வேலையின் அழகை ஒரு டர்னர் வீட்டில் வளர்ந்தவர்களால் மறுக்க முடியாது. அந்த நாட்டில் துப்பாக்கி வேறு எங்கெல்லாம் போகிறது என்பதையும் மறக்க முடியாது. எங்கள் பகுதியில் அந்தத் துல்லியம் எஞ்சினுக்கும் லாஞ்சுக்கும் போனது. இது சட்டத்தால் நேர்ந்த நன்மையா, தற்செயலா என்று எங்களுக்குள் வாதம் ஓயவில்லை.

அப்பா 2017-இல் காலமானார். அதற்குள் பகுதியே மாறியிருந்தது. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டின் உற்பத்தி 2010-ஐ ஒட்டி நின்றது. 2013-இல் ஒரகடத்தில் பெரிய ஆலை வந்தபின் வண்டி வேலையின் பெரும்பகுதி தெற்கே போயிற்று. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயர் 2021 முதல் மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயர். காலடிப்பேட்டையும் ஒரு நிலையம். கவர்னர் காலட் இப்போது ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் கூப்பிடப்படுகிறார்.

மூத்தவர் அதே லேத்தை ஓட்டுகிறார். பழைய வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் ராடைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கணினியில் ஓடும் இயந்திரத்தில் ஆயிரம் புஷ் ஒரே அளவில் எடுக்கலாம். கோணிப்போன ஒரு ராடுக்கு ஒரே ஒரு புஷ் எடுக்க அவருக்குத் தெரிந்த வழி இன்னும் பெருவிரல்தான். தம் மகனுக்குக் கற்றுக்கொடுக்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்லாமல் மோட்டாரைப் போடுகிறார். தெருவிளக்குகள் இப்போது மங்குவதில்லை.

தேக்குக் கட்டை மைக்ரோமீட்டர் பெட்டியின் மேல் இருக்கிறது. அந்த மழைக்குப் பிறகு ஓய்வு நாட்களில் அப்பா அதற்கு மரத்திலேயே ஒரு கூடும் நெம்புகோலும் செய்திருந்தார், நினைவிலிருந்து. குழல் இல்லை, குழலுக்கு இடமும் விடவில்லை. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதை ஏற்றி இறக்கி விளையாடுவார்கள். உப்புக்காற்றில் அது துருப்பிடிப்பதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மரம் ஊதிக்கொண்டு, கட்டை பாதியில் நின்றுவிடும். எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. சித்திரையில் மறுபடி, பெருவிரலால் தொட்டால் போதும், இறங்குகிறது.